எழுநூறு வருஷக் கோணலை நான் நிமிர்த்திய கதை

அன்புள்ள கோமதிக்கு,

நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, நம் ஹாலில் தொங்கும் மூன்று காலண்டர்களில் குடியிருக்கும் அத்தனை சாமிகளையும் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்கிறேன். உன் அம்மா நம்பமாட்டாள்; அவள் என்னை நம்புவதை நிறுத்தியது கல்யாணத்துக்கு மறுநாள் காலை, சுமார் எட்டு மணிக்கு. மாடி வீட்டு சர்தார்ஜி நம்பமாட்டார். ஆனால் "வாஹ்" என்று தொடையைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். தில்லி லக்ஷ்மிபாய் நகர் முழுவதும், அதாவது எனக்குத் தெரிந்த நாகரிக உலகம் முழுவதும், "மாமா ஆரம்பிச்சாச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும். நீயாவது நம்புவாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை விரல் வைத்துப் படிப்பவள். நாளை மறுநாள் விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது இந்த முதல் பக்கத்தில் விரலை வைத்தால், லண்டனில் சக்கரம் தரையைத் தொடும்போது என் கையெழுத்துக்கு வந்து சேர்ந்திருப்பாய். வழியில் கொடுக்கும் சினிமாவைவிட இது மோசமாக இருக்காது. இதன் இன்னொரு பிரதி நம் காலனித் தமிழ் மன்றத்தின் பொங்கல் மலருக்குப் போகிறது. செயலாளர் வந்து, "மாமா, ரெண்டே பக்கம், வயிறு வலிக்கச் சிரிக்கணும்" என்று கேட்டார். பத்துப் பக்கம் கொடுக்கப்போகிறேன். வயிற்று வலிக்கு உத்தரவாதம் இல்லை. "வீட்டுக்குள்ள பேச வேண்டியத எதுக்குப் புத்தகத்துல போடுதீய?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பொய்யை நான் ஊர் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்து சொன்னேன். திருத்தத்தை மட்டும் சமையலறையில் உன் காதில் முணுமுணுத்துவிட்டுப் போனால் அது என்ன திருத்தம்?

என் சரக்கு தெரியாமல் மலரைப் பிரிக்கும் புது ஆட்களுக்காக ஒரு மாதிரி. உனக்கு ஐந்து வயது. ஆகஸ்ட் மாதம். கரோல்பாக்கில் உனக்குப் பள்ளிச் சீருடை எடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்பாலத்துக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கி பஸ் நின்றுவிட்டது. நான் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குடையைக் கம்பாக ஊன்றி இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, மூக்குக்கு மேலே வந்தது. அதற்குப் பிறகு மூச்சை நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு நடந்தேன். நாம் வந்த பஸ்ஸே நம்மைத் தாண்டி மிதந்து போனது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டிக்கெட் கிழித்துக்கொண்டே போனார். ஆட்டோ அளவுள்ள கெளுத்தி மீன் ஒன்று என் இடது செருப்பைக் கேட்டது, கொடுத்துவிட்டேன். மந்திரி ஒருவர் எருமை மேல் அமர்ந்து வெள்ளச் சேதத்தைப் பார்வையிட்டார். இத்தனைக்கும் நடுவில் நீ என் உச்சந்தலையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிவிட்டாய். இந்த இடத்தில் மட்டும் அம்மா தவறாமல் குறுக்கே வருவாள்: "பஸ்ஸு மிதந்துச்சு, மீன் செருப்பு கேட்டுச்சு, எல்லாம் சரி. இந்த மழையில எந்தப் புள்ளயாவது தூங்குமா?" நான் பதில் சொன்னதில்லை. மீன் மட்டும் வருஷா வருஷம் வளர்ந்து, நீ பத்தாம் வகுப்புக்கு வந்தபோது லாரி அளவு ஆகிவிட்டது.

சரி, பெரிய கதைக்கு வருவோம். அதற்கு முன்பு என் தொழிலைச் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் நான் மத்திய அரசாங்கத்துக்கு நேர்க்கோடு போட்டேன். டிராஃப்ட்ஸ்மேன். தில்லியில் வரிசையாக நிற்கும் அரசுக் குவார்ட்டர்களில் பாதி என் கோட்டிலிருந்து எழுந்தவை. மீதிப் பாதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அன்று நான் லீவு என்று அறியவும். டிரேசிங் தாளில் இங்க் கோடு ஒரு மயிரிழை விலகினால் அரை பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவேன். இந்த வியாதி வீட்டுக்கும் வந்தது. வாசலில் செருப்புகள் பரேடில் நின்றன. காலண்டர் சாமிகளுக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். "இட்லித் தட்டுக்கும் மட்டம் பாத்துருங்க" என்று அம்மா சொன்னாள், பார்த்தேன். காலையில் நீ ரெட்டைச் சடை போட்டு வந்து நிற்பாய். வகிடு கோணலாக இருந்தால் அவிழ்த்து, சீப்பை வாங்கி நானே புதிதாக எடுப்பேன். ஸ்கூல் மணி அடித்துவிடும் என்று நீ கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாய். வகிடு மட்டும் ராஜபாதை மாதிரி இருக்கும்.

நீ கட்டடக் கலை படிக்கப் போனபோது நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், ரத்தம் பேசுகிறது என்று. நான்காம் வருஷம் சரித்திரப் பாடத்துக்கு ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி எழுதி, அதன் மாடலும் செய்ய வேண்டும் என்றார்கள். உன் கூட்டாளிகள் தாஜ்மகாலையும் தஞ்சாவூரையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நீ லைப்ரரியில் கிடைத்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து மாதா கோயிலை எடுத்துக்கொண்டாய். எழுநூறு வருஷம் பழையது. அந்த ஊரின் பெயர் என் வாய்க்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் வெளியே வந்திருக்காது.

"ராஜா கட்டினது இல்லப்பா, ஊர்க்காரங்க கட்டினது" என்று சப்பாத்தியைக் கிழித்து வைத்துப் படம் காட்டினாய். "மத்லப், அதாவது, ஒருத்தன் ஹால் கட்டுவான். அவன் பேரன் வந்து டவர் கட்டுவான். அவனோட பேரன் ஜன்னலைப் பெரிசாக்குவான். முந்நூறு வருஷம் கட்டிக்கிட்டே இருந்தாங்க."

"பிளானுக்கு யார் சேங்ஷன் கொடுத்தா?"

"யாருமில்ல."

"அப்படிச் சொல்லு. அன்ஆதரைஸ்டு கன்ஸ்ட்ரக்ஷன்."

நீ சிரித்துப் புரையேறி, அம்மா தலையில் தட்டினாள். அந்த வாரம் முழுக்க ராச்சாப்பாட்டுக்கு நமக்குச் சர்ச்சுதான் தொடுகறி. மேற்கே சதுரக் கோபுரம், நடுவே நீளக் கூடம், கிழக்கே பாதிரியார் பூசை செய்யும் சின்ன அறை. அதற்கு சான்சல் என்று பெயர் சொன்னாய். நம் கர்ப்பகிரகம் என்று நான் வகைப்படுத்தினேன். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே மரத்தில் சித்திர வேலை செய்த ஒரு தடுப்பு. கூரை உத்திரங்களின் நுனியில் சிறகு விரித்த தேவதைகள். உத்திரத்தைத் தாங்கும் கல்லில் கொத்தன் தனக்குத் தெரிந்த முகங்களைச் செதுக்கியிருக்கிறான். ஒருவன் பல்வலியில் வாயைக் கிழித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், எழுநூறு வருஷமாக வலி நிற்கவில்லை. சான்சலின் வளைவுக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாள் ஓவியம். பிசாசுகள் பாவிகளை ஒரே கயிற்றில் கட்டிக் கொப்பரைக்கு இழுத்துப் போகின்றன. பென்ஷன் ஆபீஸ் வரிசை என்று பார்த்த உடனே சொன்னேன்.

அப்புறம் அந்த ராட்சதன். தெற்குக் கதவுக்கு நேர் எதிர்ச்சுவரில், தரையிலிருந்து கூரை வரைக்கும், குழந்தை ஏசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பை ஊன்றி ஆற்றைக் கடக்கும் ராட்சதன். புனித கிறிஸ்டோபர். காலடியில் மீன்கள் நீந்தும், தூரத்தில் கப்பல் போகும். வயலுக்குப் போகிறவன் உள்ளே வர வேண்டாம், கதவை நெட்டித் தள்ளி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போதும், அன்றைக்குத் திடீர்ச் சாவு வராது என்று நம்பினார்களாம். "பஸ்ல போகும்போதே கோயிலப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிடுதோம்லா, அது மாதிரி" என்று அம்மா முடித்து வைத்தாள். அவள் சொன்னதை நீ உன் கட்டுரையிலேயே சேர்த்துக்கொண்டாய்.

இவ்வளவையும் நினைவு வைத்திருக்கும் நான் ஒன்றே ஒன்றைக் கேட்கவில்லை. அன்று டிவியில் கிரிக்கெட், கடைசி ஓவர்கள். நீ பக்கத்தில் அமர்ந்து பிளானைக் காட்டி ஏதோ சொன்னாய். நான் "ம்" என்றேன். மூன்று "ம்" என்று அம்மா பின்னாளில் சாட்சி சொன்னாள். அந்த மூன்று "ம்"முக்குள்தான் அந்தக் கோயிலின் உயிரே இருந்திருக்கிறது.

மாடலைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. இரண்டு மணிக்குக் கல்லூரியில் இருக்க வேண்டும். காலையில் நீ கட்டுரையை பைண்டிங் செய்ய மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். மாடலை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோவதற்காக நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். சாப்பாட்டு மேஜை மேல் அது நின்றது. மவுண்ட் போர்டில் சுவர், பால்சா மரத்தில் கூரை, ஊதுவத்திக் குச்சிகளைச் சீவி இழைத்த அந்த நடுத்தடுப்பு. அப்படி ஒரு வேலையை நான் என் ஆபீஸில் பார்த்ததில்லை. பெருமையோடு குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, கோபுர முகட்டிலிருந்து கூரையின் நடுக்கோட்டைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கூடம் நேராகப் போகிறது. சான்சல் மட்டும் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பாகைமானியை வைத்தேன். நாலு டிகிரி.

மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத பிள்ளை, பசை காய்வதற்குள் நழுவியிருக்கிறது, இது தெரியாமல் வாத்தியார்கள் முன்னால் போய் நிற்கப்போகிறாளே என்று என் மனம் பதறியது. அரை பிளேடை எடுத்தேன்.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

"கேட்டா சங்கடப்படுவா. அவ வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்."

பசையை நூலிழை நூலிழையாக அறுத்தேன். சுவரை நாலு இடத்தில் இழைத்தேன். மூலைமட்டத்தை வைத்து, கூடத்தின் நடுக்கோட்டை நூல் பிடித்து நீட்டி, சான்சலை அதன் மேல் உட்காரவைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உலக சரித்திரத்தில் அப்படி ஓர் ஒட்டு கிடையாது. ஒட்டிய இடத்தில் ஓர் எறும்பு வந்து வழி தேடிக் கிடைக்காமல் அழுதது. இங்கிலாந்தின் கொத்தர்கள் எழுநூறு வருஷமாக நிமிர்த்த முடியாததை ஒரு திருநெல்வேலிக்காரன் ஒன்றரை மணி நேரத்தில் நிமிர்த்தினான்.

நீ வந்தாய். பையை வைக்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அப்பா, இதை நீங்க... சரி பண்ணீங்களா?"

"ஆமாட்டி! பசை நழுவியிருந்துச்சு. நல்ல வேளை, நான் பாத்தேன்."

நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். ஒன்று அடிக்க ஐந்து நிமிஷம். என்னைப் பார்த்தாய். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு மெடல் வாங்கிக் கொடுத்துவிட்ட முகம்.

"தேங்க்ஸ் பா" என்றாய். "சலியே, ஆட்டோ பிடிக்கலாம்."

இதுவரைக்கும் காலனிக்குத் தெரியும். இதற்கு அடுத்த காட்சியாக நான் ஏழு வருஷம் சொல்லிவந்தது இது: பேராசிரியர்கள் மாடலைப் பார்த்து மூர்ச்சையானார்கள், முதல் பரிசு கொடுத்தார்கள், இங்கிலாந்து ராணி தந்தி அடித்து "எங்கள் மற்ற கோயில்களையும் அனுப்பலாமா?" என்று கேட்டார். நடந்தது என்ன என்பதைப் பூச்சு இல்லாமல் இப்போது சொல்கிறேன். இதைப் படிக்கும் காலனிக்காரர்களும் கொஞ்சம் நாற்காலியை நேராகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி வராந்தாவில் தண்ணீர் பாட்டிலோடு நான் நின்றேன். உள்ளே மூன்று பேர் உன்னைக் கேள்வி கேட்டார்கள். கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு கை அகலம் திறந்திருந்தது. வயதான பேராசிரியர் ஒருவர் கட்டுரையைப் புரட்டினார். கடுமையான ஆள் இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார்.

"இந்த சான்சல் சாய்ந்திருக்கிறது என்று எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். இந்த வேலையிலேயே நல்ல பகுதி அந்த எட்டுப் பக்கம்தான். உன் மாடல் ஸ்கேல் மாதிரி நேராக இருக்கிறதே. எது சரி?"

 உன் குரல் கேட்டது.

"கட்டுரைதான் சார் சரி. மாடல் என் தப்பு. கவனிக்காம ஒட்டிட்டேன்."

"எட்டுப் பக்கம் எழுதினவள் கவனிக்காமல் ஒட்டினாயா?"

"ஆமா சார். சாரி."

மாடலுக்கு மார்க் கிடையாது என்று அவர் சொன்னார். வேறு என்ன சொல்வார்? நான் கதவைத் தள்ளி உள்ளே போயிருக்கலாம். "நான்தான்யா அறுத்து ஒட்டின மடையன்" என்று சொல்லியிருக்கலாம். ஐந்தடி தூரம். மூச்சில்லாமல் வெள்ளத்தைக் கடந்த மாவீரன் அந்த ஐந்தடியைக் கடக்கவில்லை, கோமதி. நீ வெளியே வரும் சத்தம் கேட்டதும் நாலு கதவு தள்ளிப் போய், நோட்டீஸ் போர்டைப் படிப்பது மாதிரி நின்றுகொண்டேன். ஹாஸ்டல் மெஸ்ஸின் மெனு அது. திங்கட்கிழமை ராஜ்மா.

"போலாமா அப்பா? நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய். உள்ளே பேசியது என் காதில் விழுந்ததா என்று என்னை நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆட்டோவில் மாடல் என் மடியில் இருந்தது. அது நேராக இருந்தது, ஐயோ, எவ்வளவு நேராக இருந்தது.

அன்று சாயங்காலமே சர்தார்ஜி வந்து "பேட்டியின் கோயில் என்ன ஆச்சு?" என்று, மகளின் கோயிலை, விசாரித்தார். உண்மை தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தால் ராணியின் தந்தி வெளியே வந்தது. அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும், வளைகாப்புக்கும், மன்றத்துக் கூட்டத்துக்கும் அந்தக் கதை வளர்ந்தது. ஒன்றை நான் பார்க்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் "இங்கிலாந்துல ஒரு கோணக் கோயில்" என்று ஆரம்பித்ததும் நீ எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போவாய். பரிசும் தந்தியும் முடிந்து சிரிப்பு அடங்கிய பிறகு ஜக்கோடு வருவாய். எல்லோருக்கும் ஊற்றுவாய். எனக்கும் ஊற்றுவாய். ஏழு வருஷத்தில் நம் வீட்டுக்கு வந்தவர்கள் தாகத்தோடு திரும்பியதே இல்லை.

அந்த எட்டுப் பக்கத்தை நான் படித்தது எப்போது என்று நினைக்கிறாய்? மறுநாளே. வீட்டில் இருந்த உன் நகலை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போய், டிராயிங் போர்டுக்கு அடியில் வைத்துப் படித்தேன். சான்சல் சாய்ந்திருப்பது, சிலுவையில் தலை சாய்த்த ஏசுவின் நினைவாக என்று ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். அழகான கதை, ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாய். முதலில் ஒரு தலைமுறை சின்னக் கோயில் கட்டியது. பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய கூடம் தேவைப்பட்டது. பழையதை இடிக்க மனம் வரவில்லை. அதைச் சான்சலாக அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைச் சேர்த்தார்கள். நேர் பார்க்கக் கயிறு பிடிக்கும்போது நடுவே பழைய சுவர் மறைத்ததால் நாலு டிகிரி விலகியது. 'பெரியவர்கள் கட்டியதை இடிக்காமல் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ள முயன்றால் இப்படித்தான் கொஞ்சம் கோணலாகும்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. பென்சிலால் அதற்கு அடியில் கோடு போட்டேன். ஸ்கேல் வைக்காமல் நான் போட்ட கோடு அது ஒன்றுதான்.

நாளை மறுநாள் நீ அதே மாதிரி ஒரு கிராமத்துக்குப் போகிறாய். பிற்காலத்தில் சாமி படமே கூடாது என்று வந்தவர்கள் சுவரையெல்லாம் வெள்ளையடித்து மூடிவிட்டார்களாம். அந்தச் சுண்ணாம்பைக் கத்தி நுனியால் பொரி அளவு பொரி அளவாக எடுத்து, அடியில் இருக்கும் ஓவியத்தை வெளியே கொண்டுவருவது இரண்டு வருஷத்துக்கு உன் வேலை. "சுண்ணாம்பு சுரண்டவா லண்டன்? நம்ம படிக்கட்டு இங்கேயே இருக்கே பேட்டி" என்றார் சர்தார்ஜி. நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன். உள்ளே நினைத்துக்கொண்டது வேறு. நானும் ஆயுள் முழுக்க பிளேடால் சுரண்டினேன், தப்பை அழிப்பதற்கு. நீ சுரண்டுவது யாரோ மூடியதைத் திறப்பதற்கு.

அப்பா என்றால் புத்திமதி சொல்ல வேண்டுமாம். சொல்லிவிடுகிறேன். குளிரில் காதை மூடு. அந்த ஊர்க்காரர்களின் தேநீரைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரே உண்மை பேசாதே. ஏணியில் நிற்கும்போது கீழே இருப்பவரோடு வாதம் செய்யாதே. ஏதாவது கோணலாகத் தெரிந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அது ஏன் அப்படி நிற்கிறது என்று யாரையாவது கேள். இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, எழுதி வைத்தால் நான் படித்துக்கொள்வேன். உன் அன்பை யாராவது தவறாகக் கையாண்டால், எனக்காகச் செய்தது மாதிரி பழியை நீ ஏற்றுக்கொள்ளாதே. கதவைத் திறந்து வைத்துச் சத்தமாகச் சொல். வெளியே நிற்கும் கோழை ஒருவனுக்கு உள்ளே வர அது உதவியாக இருக்கும்.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை உன் பெட்டியை எடுக்க பீரோ மேல் ஏறினேன். பெட்டிக்கு மேலே, பழைய போர்வை சுற்றி, அந்த மாடல் இருந்தது. ஏழு வருஷமாக நம்மில் யாரும் பிரிக்காதது. நீ விசா வேலையாக வெளியே போயிருந்தாய். சாப்பாட்டு மேஜையில் இறக்கி வைத்துத் துடைத்தேன். தெற்குக் கதவு தீப்பெட்டி அளவு. ஒரு பக்கம் லேசாகத் திறந்திருந்தது. நூறு முறை அந்தக் கதையைச் சொன்ன நான் ஒரு முறைகூட அந்தக் கதவு வழியாக உள்ளே பார்த்ததில்லை. சான்சலை அறுத்த அன்றும் ஊதுவத்தித் தடுப்பு உள்ளே இருப்பதை மறைத்துவிட்டது. டார்ச்சை எடுத்து வந்தேன்.

எதிர்ச்சுவரில் ராட்சதன் நின்றான். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி. கழுத்தில் ஆபீஸ் டிபன் பை. ஊன்றியிருந்தது கம்பு இல்லை, குடை. காலடியில் ஒரு மீன், வாயில் ஒற்றைச் செருப்பு. கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தில்லி பஸ் மிதக்கிறது. ஜன்னலில் ஒரு கை, கையில் டிக்கெட். எருமையைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. தோளில் ரெட்டைச் சடைக் குழந்தை. அசல் ஓவியங்களில் அந்தக் குழந்தை நிமிர்ந்து அமர்ந்து, விரலை உயர்த்தி ஆசீர்வதிக்கும் என்று நீ காட்டியிருக்கிறாய். இது அவன் உச்சந்தலையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. வகிடு கோணலாக இருந்தது.

நான் எவ்வளவு நேரம் ஒற்றைக் கண்ணை அந்தக் கதவில் வைத்திருந்தேன் என்று தெரியாது. அழுதேன். யமுனை அபாயக் கோட்டைத் தாண்டியது, அதனால் மூன்று கிராமங்களை அப்புறப்படுத்தினார்கள் என்று எழுதலாம். டார்ச் நனைந்தது, அவ்வளவுதான். அம்மா கைக்காரியத்தை விட்டுவிட்டு வந்து தானும் குனிந்து பார்த்தாள்.

"நீங்கதான்."

"ம்."

"இத உள்ள வச்சுக்கிட்டா அந்தப் புள்ள அங்க போயி தன் தப்புன்னு சொன்னா?"

அவளுக்கு அந்த வராந்தாவைப் பற்றி அன்றுதான் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கதவை விரல் நுனியால் மெல்லச் சாத்தினாள்.

"போறதுக்குள்ள அவகிட்டச் சொல்லிருங்க. சிரிக்க வைக்காமச் சொல்லுங்க."

முயன்றிருக்கிறேன். பாதி கிணறு தாண்டியிருக்கிறேன் என்றாவது ஒத்துக்கொள். மன்னித்துக்கொள், கோமதி. சான்சலை நிமிர்த்தியதற்கு இல்லை. அது அறியாமை, அதற்குச் சமையலறையிலேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். கதவுக்கு வெளியே நின்றதற்கும், நீ ஏற்றுக்கொண்ட பழியை என் வேடிக்கையாக ஊருக்குப் பரிமாறியதற்கும். இனி நம் வீட்டில் அந்தக் கதையை யாராவது கேட்டால், தண்ணீர் எடுத்துவர நான் எழுந்து போவேன்.

மாடல் சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. பக்கத்தில் பிளேடும் பசையும் வைத்திருக்கிறேன். உன் பிளான் தாளைத் தேடி எடுத்து, நாலு டிகிரியை நானே திரும்ப வைத்துவிடலாம் என்று கை அரித்தது. வைக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று நாளாக அதைச் சுற்றி நடக்கிறேன். லீவில் வரும்போதோ, இரண்டு வருஷம் கழித்தோ, உனக்குத் தோன்றும்போது நீ அறுத்து வை. அதுவரை நாங்கள் தரையில் அமர்ந்து சாப்பிடுவோம்.

அப்புறம் வெள்ளக் கதை. நீ அதைச் சுவரிலேயே எழுதிவிட்டதால் அதன் ஆசிரியன் கணக்கை நேர் செய்யக் கடமைப்பட்டவன். பஸ் மிதக்கவில்லை; எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றது, கண்டக்டர் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடினார். மீன் இல்லை, செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. மந்திரி வரவில்லை, எருமை கரையில் தனியாகத்தான் நின்றது. தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. யாரும் நம்பாத அந்த ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். இடி இடித்துக்கொண்டிருந்தது, ஊரே கத்திக்கொண்டிருந்தது, நீ என் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கினாய். எழுப்பக் கூடாது என்று, தண்ணீரெல்லாம் வடிந்த ரோட்டிலும், அடுத்த பஸ் கிடைக்கும்வரை, உன்னை இறக்காமல் நடந்தேன்.

உன் அப்பா